வைத்திய நூல்களை விட்டுவைத்த நெருப்பு

அந்தலூஸ் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. குர்துபா நூலகத்தின் நான்கு லட்சம் நூல்கள், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு 1500ஆம் ஆண்டளவில் கிரனாடாவில் அறபு நூல்களைக் குவித்து எரித்த பேராயர் சிஸ்னரோஸ். சிஸ்னரோஸைச் சபிப்பதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்தக் குர்துபா நூலகத்துக்கு முதலில் நெருப்பு வைத்தது யார்?

நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்த கலீபா இரண்டாம் ஹகம் 976இல் மறைந்தார். பட்டத்துக்கு வந்த மகன் ஹிஷாம் சிறுவன். அதிகாரத்தைக் கைப்பற்றியவர் இப்னு அபீ ஆமிர். உரிமையில்லாத ஆட்சிக்கு மார்க்க அறிஞர்களின் தலையசைப்பு வேண்டியிருந்தது. அவர்களையே நூலகத்துக்குள் அழைத்து, தத்துவம், வானியல் நூல்களைப் பொறுக்கியெடுக்கச் செய்தார். சில எரிக்கப்பட்டன. சில அரண்மனைக் கிணறுகளில் வீசப்பட்டு, மேலே மண்ணும் கல்லும் கொட்டப்பட்டன. இதைப் பதிவு செய்தவர் நமது எதிரியல்லர். தொலைதோவில் காழியாக இருந்த ஸாஇத் அல்-அந்தலுஸி.

தத்துவம் வழிகெடுக்கும், அதனால் எரித்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் 1109இல் அதே குர்துபாவில் முறாபித்துகளின் ஆட்சியில் இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்களின் 'இஹ்யா' ஏன் எரிந்தது? பதவிக்கும் பணத்துக்கும் அலையும் சட்ட அறிஞர்களை அந்நூல் சாடியிருந்தது. அவர்களுக்கு வலித்தது.

முறாபித்துகளை வீழ்த்திய முவஹ்ஹித்துகள் கஸ்ஸாலியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவர்களின் கலீபா யஃகூப் அல்-மன்சூர்தான் 1195இல் இப்னு ருஷ்தை லூஸெனாவுக்கு நாடு கடத்தி, தத்துவ நூல்களை எரிக்கச் சொன்னார். காஸ்டீலோடு போர் நடந்த ஆண்டு அது. உலமாக்களின் ஆதரவு தேவைப்பட்டது என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பின்னர் தண்டனையை நீக்கி மர்ராக்குஷுக்கு அழைத்துக்கொண்டார். இப்னு ருஷ்த் 1198இல் அங்கேயே காலமானார்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்னு அபீ ஆமிர் வைத்திய நூல்களை விட்டுவைத்தார். அல்-மன்சூரும் விட்டுவைத்தார். சிஸ்னரோஸும் அப்படியே. காய்ச்சல் எரிப்பவருக்கும் வரும் அல்லவா!

பிளேட்டோவின் 'குடியரசு'க்கு இப்னு ருஷ்த் எழுதிய உரை இன்று எபிரேய மொழிபெயர்ப்பில்தான் எஞ்சியிருக்கிறது. அறபு மூலம் கிடைக்கவில்லை. அதையும் சிஸ்னரோஸின் கணக்கிலேயே எழுதிவிடுவோமா?