வாக்குத்தத்த அட்டையும் எழுபது வருடமும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் ஒரு வரிசை நிற்கும். தட்டில் இருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். படித்து முகம் மலர்பவர்கள் உண்டு. 'நமக்கு நல்லதா வரலையே' என்று பக்கத்து அட்டையை எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. (கிளி ஜோசியத்தைக் கேலி செய்பவர்களும் இவர்கள்தான்!)

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் தம் ஜனத்துக்கு நன்மையே நினைக்கிறார் என்று சொல்லும் வசனம். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், பரீட்சை எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் பார்ப்பது அபூர்வம். அது எழுபது வருடம் என்கிறது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அறிவித்திருந்தார். காதுக்கு இனிமையான செய்தி அவருடையது. பொய்யான செய்தியும் அவருடையதுதான். எரேமியாவின் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அப்படியானால் தேவன் அவர்களுக்கு உண்மையுள்ளவராக இருக்கவில்லையா?

இந்தக் கேள்விக்குச் செழிப்பு உபதேசத்தில் பதில் கிடையாது. அது தேவனுடைய உண்மையை பிக்சட் டெபாசிட் மாதிரி விற்கிறது. காணிக்கை போடு, வட்டியோடு திரும்ப வரும். வரவில்லையா, உன் விசுவாசத்தில் குறை! முதிர்வுத் தொகை தராத எந்த வங்கியும் வாடிக்கையாளரைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. பிரசங்க மேடையில் மட்டும் முடிகிறது.

தமிழ் வேதாகமம் 'உண்மை' என்று சொல்லும் இடங்களில் எபிரெயத்தில் பெரும்பாலும் வருவது 'எமுனா'. 'ஆமென்' என்பதும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். உறுதியாக நிற்பது, சாயாமல் இருப்பது என்ற பொருள் அதில் உண்டு. கேட்டதைக் கேட்ட தேதியில் கொடுப்பது என்ற பொருள் இல்லை.

அந்தச் சொல் வரும் மிகப் பிரபலமான இடம் புலம்பல் மூன்றாம் அதிகாரம். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமை இடித்து ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அந்த இடிபாட்டைப் பார்த்து எழுந்த ஐந்து அழுகைப் பாட்டுகள்தான் அந்தப் புத்தகம். தேவனைப் பதுங்கியிருக்கும் கரடி என்று சொன்ன அதே வாய்தான் சில வசனங்கள் கழித்து அவருடைய உண்மையைப் பெரியது என்கிறது. அதன் பிறகும் அழுகை நிற்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் தாய்மார் தங்கள் பிள்ளைகளையே சமைத்த கொடுமை வருகிறது. கடைசி வசனத்தில்கூட ஆறுதல் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு வரியை மட்டும் கத்தரித்து காலண்டரில் ஒட்டுவது எளிது.

அந்த வரிகளை வைத்து 1923-ல் 'கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்' பாட்டை எழுதியவர் அமெரிக்காவின் தாமஸ் சிஷோம். உடல்நலம் கெட்டு, போதகர் வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டு, ஆயுள் காப்பீடு விற்றுப் பிழைத்தவர். வருமானமும் குறைவுதான். அவர் சாட்சி சொல்ல எந்த மேடையும் கூப்பிட்டிருக்காது, காட்டுவதற்குக் காரும் பங்களாவும் இல்லையே!

'அப்போ அற்புதமே நடக்காதா?' என்று கேட்பார்கள். எபிரெயர் 11-ஐ முழுசாகப் படிக்கட்டும். சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள், வாளால் அறுப்புண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் விசுவாசிகள் என்று ஒரே பட்டியலில்தான் எழுதியிருக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை.

சபையின் சாட்சி நேரத்தில் மட்டும் முதல் கூட்டம்தான் பேசுகிறது. நஷ்டத்தை மறைத்து லாபத்தை மட்டும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? உபவாசம் இருந்து ஜெபித்தும் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், மறு ஞாயிறே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். விசுவாசத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்க ஆள் இருக்கிறது. மைக்கை அவள் கையில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்க ஏன் யாருக்கும் தைரியமில்லை?