முனைவர் யார்?

சென்ற ஆண்டு தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் நடந்த கருத்தரங்கின் அழைப்பிதழில் என் பெயருக்கு முன் 'முனைவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். நான் முதுகலையோடு நின்று, தகுதித் தேர்வில் தேறி வேலைக்கு வந்தவன். திருத்தச் சொன்னேன். "இருக்கட்டும் ஐயா, அமர்வுத் தலைவருக்கு அது இல்லாவிட்டால் நன்றாயிராது" என்றார் அமைப்பாளர். எட்டாத பழம் புளிக்கிறது என்று சொல்வோர் சொல்லட்டும். என் வழக்கு அந்தச் சொல்லுக்காக.

தொல்காப்பிய மரபியலில் முனைவன் என்பவன் வினையினின்று நீங்கி, தன் அறிவால் முதல்நூலைக் கண்டவன். அச்சொல்லுக்கு இறைவன் என்றே பொருள்கொண்ட உரையும் உண்டு. அந்த உயரத்திலிருந்து எடுத்துவந்துதான் பிஎச்.டி.க்குச் சூட்டினோம். ஈழத்தார் 'கலாநிதி' என்கிறார்கள். அதற்கு நிலவு என்றும் பொருளுண்டு, தேய்வதற்கும் இடம் வைத்த சொல். 'ஆய்வியல் நிறைஞர்' பட்டமோ பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளோடு முடிந்தது. அந்தச் சொல் தப்பித்தது.

தொகுப்பது இழிவன்று. அதே மரபியல் வழிநூலின் நான்கு வகைகளில் தொகுத்தலுக்கும் விரித்தலுக்கும் நேர்மையான இடம் தருகிறது. ஆனால் நூலின் பத்துச் சிதைவுகளில் 'கூறியது கூற'லை முதலில் வைக்கிறது. நம் ஆய்வேடுகளில் எத்தனை அந்த ஒன்றைத் தாண்டும்?

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை ஆய்வேடு அளித்து முனைவரானவரல்லர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படும் முத்துப்பட்டனின் கதைப்பாடலைப் பதிப்பித்து, வில்லுப்பாட்டாக மட்டும் கேட்டுவந்த ஒன்றைச் சாதிச் சமூகத்தின் ஆவணமாகப் படிக்க வைத்தார். ஒன்றைக் கண்டவர் அவர்.

பட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடுதான். அதைப் படித்தவர்கள் நூலைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் பெயரின் முன்னொட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டம் பணிப்பதிவேட்டில் இருக்கட்டும். திருமண அழைப்பிதழிலும் வீட்டு வாசல் பலகையிலும் அது எதற்கு?

இந்த ஆண்டும் அதே கருத்தரங்கிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பெயரை மட்டும் அச்சிட்டால் வருகிறேன் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.