அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லையா?

கேள்வி: "இரண்டு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டு போன் பயன்படுத்துகிறோம். சென்ற வாரம் வந்த அப்டேட்டைப் போட்ட பிறகு, காலையில் 100 சதவிகிதம் இருக்கும் சார்ஜ் மதியத்துக்குள் 20-க்கு வந்துவிடுகிறது. தோட்டத்து மோட்டாரையே இந்த போனில்தான் இயக்குகிறோம். கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"
- வாசகர், கிணத்துக்கடவு.

பதில்: உடனே மாற்ற வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் கிணற்று நீர்மட்டத்தைப் பார்க்கிறோம், அடுத்துக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். போர் வண்டியைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். போனுக்கும் இதே வரிசைதான். சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது என்றால், ஒன்று செலவு கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்க வேண்டும். எது என்று தெரியாமல் பேட்டரியை மாற்றினால் பணமும் போய், குறையும் அப்படியே நிற்கும்.

கொங்குப் பகுதியில் இது சின்ன விஷயம் அல்ல. மும்முனை மின்சாரம் வந்த தகவலும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறது என்ற எச்சரிக்கையும் ஸ்டார்ட்டரில் உள்ள சிம் வழியாக போனுக்குத்தான் வருகின்றன. அந்த நேரத்தில் போன் அணைந்து கிடந்தால் காயில் புகைந்த பிறகுதான் விஷயம் தெரியும். 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்ட உழவன் செயலி, பி.எம். கிசான் இ-கே.ஒய்.சி., விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவு என்று பலவற்றுக்கும் போன் வேண்டும். ஓ.டி.பி. வரும் நேரத்தில் போன் உயிரோடு இல்லையென்றால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

முதல் மூன்று நாள்கள்

பெரிய அப்டேட் ஏறியவுடன் போன் சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கும் செயலிகள் ஒவ்வொன்றையும் புதிய மென்பொருளுக்கு ஏற்றவாறு திரும்பத் தயார் செய்கிறது. புகைப்படங்களை மறுபடி வரிசைப்படுத்துகிறது. செயலிகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் புதிய பதிப்பை இறக்கிக்கொள்கின்றன. எந்தச் செயலியை நாம் அதிகம் பயன்படுத்துகிறோம் என்று பார்த்து, மற்றவற்றை உறங்கவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2018 முதல் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு அதுவும் சரியாக வேலை செய்யச் சில நாள்கள் எடுக்கலாம். இந்த நாள்களில் போன் லேசாகச் சுடுவதும், சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இயல்பு. இரவில் வைஃபை இணைப்போடு சார்ஜில் விட்டு, காலையில் ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலான போன்கள் தாமாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். கிணத்துக்கடவு வாசகருக்கு ஒரு வாரம் ஆகிவிட்டதால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

கசிவு எங்கே?

செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதிக்குள் போனால், எந்தச் செயலி எத்தனை சதவிகிதம் சார்ஜ் தின்றது என்ற பட்டியல் இருக்கும். மாலையில் அதைப் பார்க்க வேண்டும். நாம் திறக்கவே இல்லாத செயலி மேலே நின்றால் கசிவு அங்கேதான். முதலில் அந்தச் செயலியின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் போடலாம். அதிலும் தீரவில்லை என்றால் நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றலாம்.

இருப்பிடம் கேட்கும் செயலிகளையும் கவனிக்க வேண்டும். வானிலைச் செயலிக்கும் கடைச் செயலிக்கும் நாள் முழுக்க நம் இருப்பிடம் தெரிய வேண்டியதில்லை. 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று அனுமதியை மாற்றினால் போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை. சார்ஜ் மிச்சமாகட்டும் என்று எல்லாச் செயலிகளையும் கட்டுப்படுத்திவிடக் கூடாது. மோட்டாரைச் செயலி மூலம் இயக்குபவர்கள், அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லாதபடி வைக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு இந்த அமைப்பு மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாறியிருந்தால் மோட்டார் நின்ற தகவல் நேரத்துக்கு வராது. 'பேட்டரி சேவர்' போட்டாலும் இதே சிக்கல் வரலாம்.

சிக்னல் தின்னும் சார்ஜ்

டவர் தூரமாக இருந்தால் போன் கூடுதல் மின்சாரம் செலவழித்துத்தான் பேசுகிறது. ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்புகளிலும், தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையோரத் தோட்டங்களிலும் சிக்னல் ஒன்றும் இரண்டுமாக ஆடும். 5ஜி கிடைத்தும் கிடைக்காமலும் இருக்கும் இடத்தில் போன் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் மாறி மாறித் தாவும். அப்டேட்டில் நெட்வொர்க் அமைப்பு '5ஜி' என்று மாறியிருந்தால் '4ஜி' என்று வைத்துப் பார்க்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு நாள் ஊருக்குள்ளும் ஒரு நாள் தோட்டத்துச் சாளையிலும் போனை வைத்து ஒப்பிடுவது. தோட்டத்தில் மட்டும் சார்ஜ் வேகமாக இறங்கினால் குறை பேட்டரியில் இல்லை.

பேட்டரியே தளர்ந்திருந்தால்

லித்தியம்-அயன் பேட்டரிக்கு வயது உண்டு. பழைய ஐபோன் மாடல்களின் பேட்டரி, 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு சுமார் 80 சதவிகிதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒருமுறை முழுச் சார்ஜ் போட்டால் 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். வெப்பம் இதைவிடப் பெரிய எதிரி. 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் போனைப் பயன்படுத்தினால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம். சித்திரை வெயிலில் டிராக்டர் இருக்கையிலும், தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமிலும் கிடக்கும் போன் இந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். இப்படித் தளர்ந்த பேட்டரி, அப்டேட்டின் கூடுதல் வேலை வந்ததும் வெளிப்பட்டுவிடும். பழி அப்டேட்டின் மேல் விழும்.

20, 30 சதவிகிதம் இருக்கும்போதே போன் திடீரென்று அணைவது தளர்ச்சிக்கு அடையாளம். பின்மூடி உப்பியிருந்தால் அந்த போனை அதற்கு மேல் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கடைக்காரர் சொல்வது சரி, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அதையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்வது நல்லது.

கம்பெனியே குறைத்தால்

அரிதாக, அப்டேட்டே கொள்ளளவைக் குறைப்பதும் உண்டு. 2025 ஜனவரியில் கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக ஏறும் ஓர் அப்டேட்டை அனுப்பியது. அதில் ஒரு பகுதி போன்களின் பேட்டரிக் கொள்ளளவு குறைக்கப்பட்டது. சூடேறித் தீக்காயம் ஏற்படும் ஆபத்தைக் காட்டி, ஆஸ்திரேலியாவில் இது பொருள் திரும்பப் பெறும் அறிவிப்பாகவே வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ போன்களுக்கும் ஓர் அப்டேட் வந்தது. 400 சார்ஜ் சுற்று தாண்டிய பாதிப்புள்ள போன்களில் அது கொள்ளளவைக் குறைத்தது. தகுதியுள்ள போன்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித்தர கூகுள் முன்வந்தது. கைக்காசு செலவழிக்கும் முன், நம் மாடலுக்கு இப்படி ஏதும் அறிவிப்பு உண்டா என்று சர்வீஸ் சென்டரில் கேட்பது இதனால்தான்.

வாரண்டி இருக்கும்போதே குறையைப் பதிவு செய்து ஜாப் ஷீட் வாங்கி, பில்லோடு பத்திரமாக வைக்க வேண்டும். சரியான பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. குறை எழுந்த 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அப்டேட்டே வேண்டாமா?

வேண்டும். வங்கிக் கணக்கும் மானியப் பணமும் போனோடு இணைந்திருக்கும் காலத்தில் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடுவது, தோட்டத்து வேலியில் ஓட்டையை விட்டுவைப்பதற்குச் சமம். ஆனால் நாள் பார்த்துப் போட வேண்டும். தண்ணீர் முறை வரும் வாரம், அறுவடை, ஏலத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் நாள் ஆகியவற்றில் வேண்டாம். வேலை ஓய்ந்த நாளில், போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது வீட்டிலேயே போடலாம். பெரும்பாலான மொபைல் ஸ்டார்ட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதிய முடியும். வீட்டில் இருக்கும் பட்டன் போனின் எண்ணையும் அதில் சேர்த்துவிட்டால், ஒரு போன் அணைந்தாலும் மோட்டார் கைவிட்டுப் போகாது.

கிணத்துக்கடவு வாசகர் இன்று மாலையே பேட்டரிப் பட்டியலைப் பார்க்கட்டும். அடுத்து நெட்வொர்க்கை 4ஜி-யில் வைத்து இரண்டு நாள் ஓட்டட்டும். அதற்கும் அடங்காமல், போன் திடீரென்று அணையவும் செய்தால் பில்லை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.