எல்ல ஏற்றத்தில் எழுந்த ஆவி

கடந்த டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் கதிர்காமம் சென்று, வெல்லவாய வழியாகப் பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெல்லவாயவிலிருந்து எல்ல வரையில் சாலை முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் எண்ணூறு மீற்றரளவு மேலே ஏறுகிறது. இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து இரண்டு வளைவுகள் ஏறியதும் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது; அடுத்த கணமே கார் மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி பொங்கியது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உதவிக்கு ஓடிவந்த முச்சக்கர வண்டிக்கார இளைஞர் ஒருவர், நல்லெண்ணத்துடன்தான், ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். "தம்பி, தொடாதீர்கள்!" என்று நான் போட்ட கூச்சலில் என் சின்ன மகள் அழுதே விட்டாள்.

நேயர்களே, அந்த மூடி சாதாரண மூடியன்று. அதனுள் ஒரு சுருள்வில் இருக்கிறது. இக்காலத்துப் பெரும்பாலான கார்களில் அது ஏறத்தாழ 0.9 பார் அமுக்கத்தை உள்ளே அடக்கி வைக்கிறது. மலைமேல் வளிமண்டல அமுக்கம் குறைவதால், திறந்த பாத்திரத்தில் பதுளையில் தண்ணீர் 98 பாகை அளவிலும், அப்புத்தளையில் 95 பாகை அளவிலும் கொதித்துவிடும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். மூடிய ரேடியேட்டரிலோ அது 115 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் சட்டென்று விழுகிறது. உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகி, மீதி நீரையும் முகத்தில் வாரி அடிக்கிறது. ஈரத் துணி அதற்கு என்ன காவல்? இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மேற்குழாயைக் கையால் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பதொன்றே வழி. நாங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை இயந்திரத்தின்மேல் ஊற்றுவதும் ஆகாது. சூடேறிய உலோகம் வெடிப்புக் காணும்.

மறுநாள் பதுளையில் ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஹெட் கெஸ்கட் போய்விட்டது சேர், எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றே குறைவு. கார் இருபத்தைந்து வயதுடையது. வேறு வாங்கலாமே என்பீர்கள்! 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலை என் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே, இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு வீட்டிற்கு வந்தேன்.

நோயாளியிடம் வைத்தியர் முதலில் கேட்பது, "எப்போது வலிக்கிறது?" என்பதல்லவா? காரிடமும் அதையே கேட்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், சந்தேகம் விசிறியின்மேல் விழுகிறது. ஓடும்போது காற்று தானாகவே வருகிறது. வேகத்திலும் சூடேறினால் நீரோட்டத்தில் தடை. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், நீர்ப்பம்பி தளர்ந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் என்னும் வெப்பத் தடுக்கிதழ் திறக்க மறுக்கலாம். ஆனால் எங்கள் மலைச் சாலைகள் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். கீழ்க் கியரில் ஏறும்போது இயந்திரம் விரைந்து உழைக்கிறது, வண்டியோ ஊர்கிறது; இரண்டு சோதனையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. எனவே வீட்டு வாசலில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே மேல்.

இரவில் வண்டியின் அடியில் அட்டையொன்றை விரித்து வைத்தேன். விடியும்வரை ஒரு சொட்டும் விழவில்லை. இயந்திரம் சூடேறியதும் விசிறி ஒழுங்காகச் சுழன்றது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பழைய அலுமினியப் பானையில் நீர் நிறைத்து, பள்ளி வெப்பமானியுடன் அடுப்பில் ஏற்றினேன். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தது. அந்த அளவை நெருங்கியதும் இதழ் மெல்ல விரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மனைவி மட்டும், "அந்தப் பானையை இனிமேல் அடுப்படிக்குள் கொண்டுவராதீங்க" என்றார். அது முற்றிலும் நியாயம். கூலண்ட் திரவத்திலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. சிந்தியதை நாய் நக்கினாலும் உயிருக்கு ஆபத்து.

இனி ஹெட் கெஸ்கட். அது பழுதானால் எரிந்த வாயு நீருக்குள் புகும். குளிர்ந்த காலையில் மூடியைத் திறந்து வைத்து இயந்திரத்தை இயக்கினால் குமிழிகள் இடைவிடாமல் வரும். எண்ணெய் வாயின் மூடிக்கடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் கழிம்பு படிவதும் உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் புரோமோதைமோல் நீலம் இருக்கிறது. மூச்சை ஊதினால் மஞ்சளாகுமே, அதே நீர்தான். கராஜ்களில் இந்த வகைத் திரவத்தை ஒரு குழலில் இட்டு, ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் காற்றை அதனூடே இழுத்துப் பார்ப்பார்கள். அவ்வாறே செய்தேன், நீலம் நீலமாகவே இருந்தது.

விடை வேறிடத்தில் காத்திருந்தது. மூன்று காலையும் ரேடியேட்டரில் நீர் குறைந்திருந்தது. பக்கத்துச் சேமிப்புப் போத்தலோ வழிய வழிய நிறைந்திருந்தது. சூடேறும்போது மிகுதி நீர் போத்தலுக்குப் போவதும், ஆறும்போது மூடியின் சிற்றிதழ் வழியே அது உள்ளே உறிஞ்சப்படுவதும் இயல்பு. என் வண்டியில் போன நீர் திரும்பவில்லை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். இறப்பர் வளையம் காய்ந்து பிளந்திருந்தது, வில்லும் தளர்ந்திருந்தது. சமதரையில் அது போதுமாயிருந்தது. எல்ல ஏற்றத்தில் போதவில்லை. அதே அமுக்க அளவு பொறித்த புதிய மூடி வாங்கிப் போட்டேன். செலவு பாஸ் சொன்ன தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பாஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கெஸ்கட் பழுதிலும் நீர் போத்தலுக்குத் தள்ளப்படும், வெளித்தோற்றம் ஒன்றே. என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் இதற்கு நேர்மாறாக அகப்பட்டுக்கொண்டார். அவருடைய வண்டியில் புகை வெண்மையாக, இனிப்பு வாடையுடன் வந்தது. "தண்ணீர் விட்டால் ஓடுகிறதே" என்று நான்கு மாதம் தண்ணீர் விட்டே ஓட்டினார். முடிவில் கெஸ்கட் மட்டுமன்று, சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிட்டது. குமிழியோ கழிம்போ அந்த வெண்புகையோ கண்டால், அன்றே கராஜுக்குப் போகத்தான் வேண்டும். அங்கே வீட்டு வைத்தியம் செல்லாது.

இன்னொன்று: நீரோடை கண்ட இடத்தில் போத்தலில் பிடித்து ஊற்றும் பழக்கம் நம் தோட்டப்புறச் சாரதிகளிடம் உண்டு. ஆபத்துக்கு அது சரி. நாள்தோறும் அதுவே ஆனால் உள்ளே துருவும் உப்புப் படிவும் சேரும். கூலண்ட் என்பது பனி நாட்டாருக்கு நீர் உறையாதிருக்க மட்டும் ஏற்பட்டதன்று. நமக்கு அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது.

போன வாரம் அதே ஏற்றத்தில் குடும்பத்துடன் மறுபடியும் வந்தேன். முள் நடுவிலேயே நின்றது. ஆயினும் நீர்வீழ்ச்சிக்கு அப்பால் அந்த இரண்டாவது வளைவு வந்ததும், பின்னிருக்கையிலிருந்து சின்ன மகள் எழுந்து நின்று, எனக்கு முன்னால் உஷ்ணமானியை எட்டிப் பார்த்தாள்.