20 டெராபைட் ஒன்றா, 4 டெராபைட் மூன்றா?



கந்தளாயில் நம் பாடசாலைக்கு ஒரு சேமிப்பு சேர்வர் வாங்கும் பேச்சு பழைய மாணவர்களிடையே ஓடுகிறது. பழைய படங்கள், விளையாட்டுப் போட்டி வீடியோக்கள், கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். நல்ல காரியம். ஆனால் "20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று போட்டால் காலத்துக்கும் போதும்" என்கிறார்களே, அங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பெரிய டிஸ்க்கில் இலாபம் இல்லாமல் இல்லை. டெராபைட் கணக்கில் பார்த்தால் விலையும் கரண்டும் குறைவு. டேட்டா சென்டர்காரர்கள் அதனால்தான் பெரியதையே வாங்குகிறார்கள். ஆனால் கூகுள் தன் கோப்பு முறையை அமைத்தபோதே ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக மூன்று இடத்தில் வைத்தது. ஒரு டிஸ்க் செத்தால் அங்கே யாரும் பதறமாட்டார்கள். நம்மிடம் இருக்கப்போவது ஒன்றே ஒன்று.

இரண்டு வாங்கி ஒன்றை மற்றதன் நகலாக ஓடவிடலாம் என்றும் ஒரு யோசனை. ஒன்று பழுதானால் புதியதைப் போட்டு நிரப்ப வேண்டுமே! கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு டிஸ்க்கின் வேகம் வளரவில்லை. விநாடிக்கு 250 மெகாபைட் என்று வைத்தாலும் 20 டெராபைட் நிரம்ப 22 மணித்தியாலம். இடையில் பிள்ளைகளும் பாவித்தால் நாட்கணக்கு. அதுவரை நம்மூர் வெயிலையும் கரண்ட் வெட்டையும் மிஞ்சிய டிஸ்க் தனியே தாங்க வேண்டும். வைரஸ் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

2023 ஆகஸ்டில் நம் அரசாங்கத்தின் கிளவுட்டில் ரான்சம்வேர் புகுந்தது நினைவிருக்கிறதா? மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பேக்கப் இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச டேட்டா சென்டர் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் எரிந்தன. அளவு பெரிது என்பதால் பேக்கப் எடுக்கவில்லையாம். பணமுள்ள நாட்டுக்கே இந்தக் கதி.

ஆகவே, மூன்று வாங்கக்கூடிய அளவு டிஸ்க்கைத்தான் நாம் ஒன்று வாங்க வேண்டும். நம்மிடம் இப்போது இருப்பதெல்லாம் சேர்த்தாலும் 3 டெராபைட் தேறாது. 4 டெராபைட்டில் மூன்று எடுப்போம். இரண்டு சேர்வரில் ஓடட்டும். மூன்றாவதில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, திருகோணமலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரின் வீட்டு அலுமாரியில் வைப்போம். நிரம்பினால் அப்போது பெரியது வாங்கலாம்.

அலுமாரி தர யார் தயார்? கீழே சொல்லுங்கள்.