படகைக் கட்டத் தெரியாதவன் படகோட்டியா?

பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்னதும் வகுப்பில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கவுந்துடாதா மச்சி?" என்பதுதான். கவிழும். கவிழ்ந்தால் நிமிர்த்த வேண்டியதுதான், அதற்கென்று தனிப் பாடமே உண்டு. எனக்கு இப்போதெல்லாம் பயம் தண்ணீரில் இல்லை. கரையில், படகைத் தயார் செய்யும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான்.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். நான் ஓட்டுவது என்டர்பிரைஸ் வகை. 1956-ல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. சுமார் 4 மீட்டர் நீளம், உடல் மட்டும் 94 கிலோ, ஓட்ட இரண்டு பேர், நீல நிறத்தில் இரண்டு பாய்கள். அறிமுகம் செய்தபோது விளம்பரத்துக்காக ராத்திரியில் ஆங்கிலக் கால்வாயையே இதில் கடந்து காட்டினார்கள். இதன் பெரிய வசதி, டிரெயிலரில் ஏற்றிக் காரில் இழுத்துக்கொண்டு எந்த ஊர் ஏரிக்கும் போகலாம். ஆனால் அப்படிப் போக, பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்துக் கட்ட வேண்டும். போன இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். என் கதை அந்த 'மறுபடி'யில்தான் இருக்கிறது.

போன வருடம் ஒரு போட்டிக்கு வெளியூர் போயிருந்தோம். படகுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணனும் கூட வந்தார். வடசென்னை மீனவர் குடும்பம், ஐம்பது வயதுக்கு மேல். நான் பழகிய இடத்தில் வழக்கமே இதுதான்: படகைக் கட்டுவது அவர், ஓட்டுவது நாங்கள், திரும்பி வந்ததும் கழுவுவதும் அவர். அன்று ஒருவராகவே நான்கு படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் படகின் பாய்மரத்தை நிறுத்திவிட்டு, "தம்பி, அந்தாண்ட பக்கம் வளையத்த மாட்டிடு" என்றார். "சரிண்ணே" என்றேன். கையில் போன். மாட்டவில்லை. மறந்தே போனேன்.

அந்த வளையம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாய்மரத்தை மூன்று கம்பிகள் பிடித்து நிறுத்துகின்றன. முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கம்பியும் படகில் இருக்கும் தகட்டோடு ஒரு சிறு ஊசியால் இணைகிறது. அந்த ஊசி கழன்று விழாமல் இருக்க அதன் நுனியில் ஒரு குட்டி வளையம். சாவிக்கொத்து வளையத்தின் கடைசித் தம்பி என்று வையுங்கள்.

வளையம் இல்லாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் மோசம். காற்றடிக்கும் பக்கத்துக் கம்பி விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஊசி அந்த இறுக்கத்திலேயே நிற்கும். எதிர்ப்பக்கக் கம்பி தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். படகைத் திருப்பி காற்றை மறுபக்கம் வாங்கியதும், தளர்ந்திருந்த கம்பிதான் இப்போது முழுச் சுமையையும் தாங்கவேண்டும். ஊசி இருந்தால்தானே தாங்க?

எங்களுக்கு மூன்றாவது திருப்பத்தில் நடந்தது. 'டங்'கென்று ஒரு சத்தம். பாய்மரம் அப்படியே சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. பூம் என் நண்பனின் தோளை உரசிக்கொண்டு இறங்கியது. நாலு விரல் தள்ளி விழுந்திருந்தால் தலை. அவன் சிரித்தான். எனக்குக் கை நடுங்கியது.

கரைக்கு வந்ததும் திட்டு வாங்கியது யார் தெரியுமா? அந்த அண்ணன். "படகைக் கட்டினது நீதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாயங்காலம்தான் போய் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அவர் அன்றைக்குப் படவேண்டிய அவமானத்தைப் பட்டு முடித்திருந்தார்.

இதிலிருந்து எனக்கு ஏற்பட்ட கருத்து ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவன்தான் படகைக் கட்டவேண்டும். வேறொருவர் கட்டினாலும் ஒவ்வொரு ஊசியையும் ஓட்டுகிறவன் தொட்டுப் பார்க்கவேண்டும். பார்த்தால் போதாது, தொடவேண்டும்.

எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் 'மெட்டீரியாலிட்டி' என்று ஒன்று வரும். பெரிய தொகைகளில் கண் வை, சில்லறைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்பது அதன் சாரம். படகில் அது தலைகீழ். விலை உயர்ந்த பாயை எல்லோரும் தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஆளை மூழ்கடிப்பது சில்லறைச் சாமான்தான். மிதவை அறைகளைக் காற்றோட்டத்துக்காகத் திறந்து வைத்திருப்போம். அந்தத் தக்கையைத் திரும்பப் போட மறந்தால் கவிழ்ந்த படகு மிதக்காது. சுக்கானைப் பிடிக்கும் சின்ன கிளிப் சரியாக விழாவிட்டால், கவிழ்ந்ததும் சுக்கான் தனியாகக் கழன்று போய்விடும். பாய்க்கயிற்றின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு இல்லாவிட்டால் கயிறு கப்பியிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். வளையத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டினால் எதிலும் மாட்டி இழுபடாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு டீ, பஜ்ஜி :-)

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பாய்மரத்தைத் தூக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். அது அலுமினியம், உங்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல் உயரம். மேலே மின்கம்பி போனால் அங்கே நிறுத்தவும் கூடாது, நிறுத்திய படகை அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது. இதில் தவறினால் 'அடுத்த முறை' என்பதே கிடையாது.

"அவங்க பொழப்பு அது, நீ ஏன் கெடுக்குறே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வேலை போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரைச் சொல்லிக்கொடுப்பவராக வையுங்கள், அதற்குரிய சம்பளம் கொடுங்கள் என்கிறேன். முடிச்சைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எங்களுக்குத் தெரியாது. வேலைக்காரராக நிற்க வைத்துவிட்டு, ஏதாவது உடைந்தால் மட்டும் அவரைப் பொறுப்பாளி ஆக்குவது என்ன கணக்கு?

நம் ஊர் கட்டுமரத்தையே பாருங்கள். பெயரிலேயே 'கட்டு' முதலில் வருகிறது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். போகிறவர்களேதான் கட்டுவார்கள். இன்று சென்னைக் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான், கட்டுமரம் குறைந்துவிட்டது. அந்தப் பழக்கமுமா குறையவேண்டும்?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் என்று மூன்று சென்னைக்காரர்கள் பாய்மரப் படகில் கலந்துகொண்டார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். இன்னும் வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முதல் நாளே "எப்ப ஓட்டலாம்?" என்று கேட்காதீர்கள். "எப்படிக் கட்டுறது?" என்று கேளுங்கள்.

நான் அந்த அண்ணனிடம்தான் கேட்டேன். இப்போது வாராவாரம் சொல்லிக்கொடுக்கிறார். நான் எல்லாம் கட்டி முடித்தபின் ஒரு சுற்று வந்து, அந்தாண்டப் பக்கத்து வளையத்தை மட்டும் விரலால் தொட்டுவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லவேண்டியதும் இல்லை.