விசுவாசத்தில் உறுதி, அரசியலில் நிதானம்

விழுப்புரம், திண்டிவனம் பகுதித் தலித் கிறித்தவ இளைஞர்களின் காதில் இரண்டு குரல்களே உரக்க விழுகின்றன. "அரசியல் நமக்கெதற்கு, செபம் பண்ணு" என்பது ஒன்று. "உரிமை வேண்டுமானால் மதத்தை விடு" என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் மக்கள் விசுவாசத்தை விட்டவர்களல்ல. சாதி பார்க்காத பீடத்தைத்தான் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். அந்தச் சாவுக்கும் நாம் துக்கப்படுகிறோம். நிதானம் என்பது அதுதான். கோரிக்கையைக் கைவிடுவது அல்ல.

1950 குடியரசுத் தலைவர் ஆணையில் சீக்கியர் 1956இலும், பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே. அதனால் விழுப்புரம் மக்களவை, திண்டிவனம் சட்டமன்றம் ஆகிய தனித் தொகுதிகளில் தலித் கிறித்தவர் வேட்பாளராக முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்குத் துணை வராது. இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. பட்டியலினத் தகுதி கேட்டுத் தமிழகச் சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது.

தோழர்களே, செபமாலையையும் அரசமைப்புச் சட்டத்தையும் ஒரே கையில் பிடிக்கலாம். ஆயரிடம் சாதிக் கல்லறைச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் 1950 ஆணையைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் குரல் தாழ வேண்டியதில்லை.